மைக்கைத் திறந்தா சத்தம் ஏன் மட்டமாகுது?

கேள்வி: பிஜிஎம்ஐங்கற துப்பாக்கிச் சண்டை மொபைல் கேம் ஆடுறப்ப மைக் ஆன் பண்ணதும் ப்ளூடூத் இயர்பட்ல சத்தம் மட்டமாயிடுது, எதிரி எந்தப் பக்கம் நடக்குறான்னே தெரியல. இயர்பட் போச்சா சார்? (வாசகர், திருப்பூர்)

பதில்: அதெல்லாம் போகல, கடைக்கு ஓடாதீங்க. பாட்டு கேக்குறப்ப ப்ளூடூத் ஏ2டிபி-ங்கற முறையில ஸ்டீரியோவா, அதாவது இடது வலது தனித்தனியா அனுப்பும், ஆனா அது ஒருவழிப் பாதை, உங்க குரலை எடுத்துட்டுப் போகாது. மைக்கைத் திறந்தா போன் கால் பேசுற ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறைக்குத் தாவிடும், அதுல சத்தம் மோனோ, தரமும் கம்மி, இடது வலது ஒண்ணாயிட்டா காலடிச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்? பேசாம ஒரு வயர் இயர்போன் வாங்கிடுங்க, போன்ல ஓட்டை இல்லன்னா டைப்-சி பின் வச்சதா பாருங்க. டீம்ல ஒருத்தர் ஸ்பீக்கர்ல போட்டு ஆடுனா எல்லார் குரலும் எதிரொலிக்கும், அவரை முதல்ல பிடிங்க!

கேள்வி: எங்க ஸ்குவாட்ல எல்லாரும் "அங்க இருக்கான், அந்தப் பக்கம்"னு கத்துறாங்க, ஒண்ணும் புரியல. எப்படித்தான் பேசுறது? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தம்பி, "அங்க"ன்னா எங்க? ஸ்க்ரீன் மேல திசைகாட்டி ஓடுதுல்ல, அந்த நம்பரைச் சொல்லச் சொல்லுங்க. "240, மரத்துக்குப் பின்னாடி ஒருத்தன், ஹெல்மெட் உடைஞ்சிருக்கு", இவ்ளோதான். ஒரு விஷயம், நாலு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தாதான் இந்த நம்பர் சரிப்படும், நீங்க ஒரு மூலை அவன் ஒரு மூலைன்னா உங்களுக்கு 240 அவனுக்கு வேற எதோ, அப்போ மேப்ல மார்க் போட்டுடுங்க. முக்கியமா, செத்துப்போனவங்க பார்த்ததைச் சொல்லிட்டு வாயை மூடணும். கடைசி ஆளுக்கு நாலு பக்கமும் அட்வைஸ் குடுத்தே அவனையும் சாகடிக்குறது நம்ம ஊர் வழக்கம்.

கேள்வி: என் பொண்ணு வாலரண்ட்ங்கற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுறா. குரலைக் கேட்டதும் தெரியாத பசங்க அசிங்கமா பேசுறாங்கன்னு மைக்கே போடுறதில்ல. (ஒரு அம்மா, கோவை)

பதில்: பேசுறவன் மேலதான் தப்பு, பொண்ணை ஆட வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. ஸ்கோர்போர்டுல அந்த ஆளை மட்டும் மியூட் பண்ணலாம், ரிப்போர்ட்டும் அடிக்கணும். குரல் பேச்சைப் பதிவு பண்ணி புகாரை விசாரிக்கலாம்னு அந்த கேமை நடத்துற ரயட் கம்பெனி 2021லயே விதியை மாத்தியாச்சு. இன்னொண்ணு, அதுல கூட சேர்ந்து வந்தவங்களோட மட்டும் பேசுற பார்ட்டி வாய்ஸ், மொத்த டீமோடயும் பேசுற டீம் வாய்ஸ்னு ரெண்டும் தனித்தனி செட்டிங். தோழிங்களோட பார்ட்டியைத் திறந்து வச்சுட்டு டீம் வாய்ஸை அணைச்சுடட்டும், மத்தவங்களுக்கு எதிரி இருக்குற இடத்தைப் பிங் அடிச்சே, அதாவது ஸ்க்ரீன்ல குறி போட்டே காட்டிடலாம்.