ஒரு பட்ஜெட், நான்கு பற்றாக்குறை

கேள்வி: கலிபோர்னியா மாநிலத்தின் 2024-25 பட்ஜெட் பற்றாக்குறை 6,800 கோடி டாலர் என்று ஒரு செய்தியில் படித்தேன். 3,800 கோடி, 5,800 கோடி, 7,300 கோடி என்றும் வேறு செய்திகள் சொல்கின்றன. இதில் எது பொய்?

பதில்: எதுவும் பொய்யில்லை. நான்கும் 2023 டிசம்பருக்கும் 2024 பிப்ரவரிக்கும் இடையே வெளியானவை. முதலில் வந்த 6,800 கோடி, சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் (எல்.ஏ.ஓ.) சொன்னது. கட்சி சாராத நிதி ஆய்வுக்காகச் சட்டமன்றம் வைத்திருக்கும் அமைப்பு இது. ஜனவரி 10 அன்று ஆளுநர் (அங்கே அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்) தாக்கல் செய்த பட்ஜெட்டில் அது ஏறத்தாழ 3,800 கோடியாக இருந்தது.

அடுத்து எல்.ஏ.ஓ. செய்த வேலைதான் சுவாரசியம். ஆளுநர் தரப்பின் வருவாய் மதிப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு, எண்ணும் முறையை மட்டும் தன்னுடையதாக வைத்துக் கணக்குப் போட்டது. விடை 5,800 கோடி. ஆக, இந்த 2,000 கோடி வித்தியாசத்துக்கும் வரி எவ்வளவு வரும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் போக இருந்த பணத்தில் செய்த குறைப்பை ஆளுநர் தரப்பு பற்றாக்குறைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தருவதாக இருந்த பணத்தைக் குறைப்பதும் பற்றாக்குறையை அடைக்க எடுக்கும் நடவடிக்கைதான் என்றது எல்.ஏ.ஓ. வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

பிப்ரவரியில் வரி வசூல் மந்தமாக இருந்தது. எல்.ஏ.ஓ.வின் புதிய வருவாய் மதிப்பீடு ஆளுநருடையதைவிட 2,400 கோடி குறைவு. ஆனால் பற்றாக்குறை 1,500 கோடி மட்டுமே கூடி 7,300 கோடி ஆனது. மீதி எங்கே போனது? 1988-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 98-ஆம் முன்மொழிவு பள்ளிக் கல்விக்கு ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்கிறது. தோராயமாக, வருவாயில் ஒரு டாலர் குறைந்தால் இந்தக் கட்டாயச் செலவும் 40 சென்ட் குறையும். 2,400 கோடியில் 40 சதவீதத்தைக் கழித்தால் 1,440 கோடி. கணக்கு ஒத்துப்போகிறது.

இனி இரண்டு எண்கள் மோதினால், வருவாய் மதிப்பீடு ஒன்றுதானா, எந்தச் செலவிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். சண்டை பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கும்.

கேள்வி: அரசே சம்பளம் கொடுக்கும் அலுவலகம் எப்படி நடுநிலையாக இருக்க முடியும்?

பதில்: சம்பளம் அரசுப் பணம்தான். ஆனால் எல்.ஏ.ஓ. ஆளுநருக்குக் கீழே இல்லை. 1941-ல் தொடங்கிய இந்த அலுவலகத்தைச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் தலா 8 பேர் கொண்ட கூட்டுக்குழு மேற்பார்வையிடுகிறது. ஆளுநரின் எண்களைச் சரிபார்க்கச் சட்டமன்றத்துக்குச் சொந்தமாக ஆள் வேண்டும் என்பதே நோக்கம். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தலைமைப் பகுப்பாய்வாளர் பதவியில் இருந்தவர்கள் ஆறே பேர். அவர்களில் ஆலன் போஸ்ட் 1949 முதல் 1977 வரை இருந்தார். ஆட்சி மாறினாலும் ஆள் மாறாத இந்த வழக்கம்தான், குழுவின் அமைப்பைவிடப் பெரிய பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

நடுநிலை என்றால் வாய்மூடி இருப்பது என்று நினைக்க வேண்டாம். 'இந்தத் திட்டத்தை நிராகரியுங்கள்' என்று அவர்கள் வெளிப்படையாகவே எழுதுவார்கள். சட்டமன்றம் அதைக் கேட்காமலும் போகலாம். கட்டாயப்படுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

கேள்வி: ஒரு நலத்திட்டத்தின் செலவை நானே தோராயமாகக் கணக்கிட முடியுமா?

பதில்: முடியும். தகுதியுள்ளோர் எண்ணிக்கை, அவர்களில் உண்மையில் சேர்வோர் சதவீதம், தலைக்கு மாதச் செலவு, எத்தனை மாதம் ஆகிய நான்கையும் பெருக்குங்கள்.

ஒரு கற்பனைத் திட்டம்: தகுதியுள்ளவர்கள் 10 லட்சம் பேர், சேர்பவர்கள் 60 சதவீதம், மாதம் 100 டாலர். மாதச் செலவு 6 கோடி டாலர். கலிபோர்னியாவின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. திட்டம் ஜனவரியில் தொடங்கினால் முதல் ஆண்டுச் செலவு 36 கோடிதான். அறிவிப்பிலும் அந்த எண்தான் வரும். அடுத்த ஆண்டு யாரும் எதையும் மாற்றாமலே அது 72 கோடி ஆகும். சேர்பவர்கள் 80 சதவீதமானால் 96 கோடி. பட்ஜெட் படிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த அரை ஆண்டுக் கணக்கில்தான். எனவே 'முழு ஆண்டில் எவ்வளவு?' என்பதை முதலில் தேடுங்கள்.

இதோடு நிர்வாகச் செலவு, மென்பொருள் செலவு ஆகியவற்றைக் கூட்டி, வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு தரும் பங்கைக் கழிக்க வேண்டும். அந்தப் பங்கு எல்லாப் பயனாளிகளுக்கும் ஒரே அளவல்ல. சராசரியாக ஒரு சதவீதத்தைப் போட்டுக் கழித்தால் விடை தப்பும்.

சேர்வோர் சதவீதம்தான் ஊகிக்கக் கடினமானது. குறைந்த வருமானத்தினருக்கான மெடி-கால் மருத்துவத் திட்டத்துக்கு 2025 வசந்தத்தில் கூடுதலாக 280 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. அதற்கு முன்பே 344 கோடி கைமாற்றாக எடுத்திருந்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சேர்ந்ததும் மருந்துச் செலவு ஏறியதும் முக்கியக் காரணங்கள். ஆகவே ஒரே எண்ணைச் சொல்லும் மதிப்பீட்டைவிட, 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று சொல்லி, எந்த ஊகம் மாறினால் எவ்வளவு மாறும் என்று காட்டும் மதிப்பீட்டை நம்பலாம்.

கேள்வி: 2022 மே மாதம் 9,750 கோடி டாலர் உபரி என்றார் ஆளுநர். இரண்டே ஆண்டில் பற்றாக்குறையா? பணத்தை அள்ளி விட்டார்களா?

பதில்: செலவும் ஏறியது, ஆனால் வேர் வருவாயில் இருக்கிறது. மாநிலத்தின் பெரிய வருவாய் தனிநபர் வருமான வரி. அதில் 40 முதல் 50 சதவீதத்தைப் பல ஆண்டுகளில் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினரே கட்டியிருக்கிறார்கள். பங்குச் சந்தை சரிந்தால் அவர்களின் மூலதன ஆதாயமும் (பங்கு போன்ற சொத்துகளை விற்றுக் கிடைக்கும் லாபம்) சரியும். 2023-ல் இன்னொரு சிக்கல். புயல் பாதிப்பால் பெரும்பாலான கவுன்ட்டிகளில் (நம் மாவட்டங்களைப் போன்றவை) வரி கட்டும் கெடு, வழக்கமான ஏப்ரலிலிருந்து கடைசியில் நவம்பர் 16 வரை தள்ளிப்போனது. ஜூனில் பட்ஜெட் போட்டவர்கள் முழு வசூலைப் பார்க்காமலே போட்டார்கள்.

கேள்வி: எந்த ஆவணத்தை எப்போது படிப்பது?

பதில்: நேரம் குறைவென்றால், நவம்பர் அல்லது டிசம்பரில் வரும் எல்.ஏ.ஓ.வின் நிதிநிலை முன்னோக்கு போதும். ஜனவரி 10-க்குள் ஆளுநரின் பட்ஜெட், தொடர்ந்து துறைவாரியாக எல்.ஏ.ஓ. ஆய்வுகள், மே 14-க்குள் திருத்திய பட்ஜெட். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால் தாமதமாகும் நாட்களுக்கு உறுப்பினர்களுக்குச் சம்பளம் இல்லை என்று 2010-ல் வாக்காளர்கள் விதித்துவிட்டார்கள். அதனால் பேரம் முடியாவிட்டாலும் ஜூன் 15-க்குள் ஒரு மசோதா நிறைவேறிவிடும். உண்மையான உடன்பாடு பின்னால் வரும் திருத்த மசோதாக்களில் இருக்கும். அவற்றையும் சேர்த்துப் படியுங்கள்.