நீலியின் கண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

கேரள எல்லையில், களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். கள்ளியங்காட்டு நீலியை நாயகியாக்கிய 'லோகா' என்ற மலையாளப் படத்துக்கு மாணவிகளோடு போனேன். நாயகி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு ஏனோ ஒட்டவில்லை. ஆண் செய்த அடிதடியைப் பெண் கையில் கொடுத்துவிட்டால் அது வலுவான பெண் பாத்திரம் ஆகிவிடுமா? அப்புறம், நீலி மலையாளக் கதை என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் நீலியை அவர்கள் கொண்டுபோய்விட்டதுபோல வருத்தமாக இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அடிதடி பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் படத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது சண்டையில் அல்ல, மந்திரம் தெரிந்த பாதிரியாரான கத்தனார் வரும் இடத்தில்.

கேரளத்துப் பழங்கதைகளின் தொகுப்பான 'ஐதிஹ்யமாலை'யில் கொட்டாரத்தில் சங்குண்ணி எழுதிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வழிப்போக்கர்களிடம் சுண்ணாம்பு கேட்டு வரும் யட்சியின், அதாவது பெண்பேயின், தலையில் கடமற்றத்துக் கத்தனார் ஆணி அறைகிறார். அந்த நொடியே அவள் வாயடங்கி, வேலைக்காரியாகப் பின்னால் நடக்கிறாள். காயங்குளத்தில் ஒரு கிழவி அவளுக்குத் தலை பார்க்கும்போது விரலில் ஆணி தட்டுப்பட, ஐயோ பாவம் என்று பிடுங்கிவிடுகிறாள். சின்ன வயதில் இதைக் கேட்டபோது என் ஆச்சி அந்தக் கிழவியை அவசரக்காரி என்று திட்டுவாள். எனக்கு இன்று அந்தக் கதையில் மனசுள்ள ஒரே ஆள் அவள்தான் என்று படுகிறது. 2025இல் வந்த இந்தப் படத்தில் அந்த ஆணி இல்லை. கத்தனார் அவளை அடக்கவில்லை, அவள் பட்டதைக் கேட்கிறார், கூட நிற்கிறார். இயக்குநர் டொமினிக் அருணோடு சேர்ந்து சாந்தி பாலச்சந்திரன் என்ற பெண்ணும் எழுதிய கதை இது. நாயகி கல்யாணி பிரியதர்ஷன் பறந்து அடிப்பதைவிட எனக்கு இதுதான் பெரிது.

பேய்ப்படத்தில் பெண்ணின் வலு என்று நான் தேடுவது ஒன்றைத்தான். அவள் முறையீட்டை யாராவது காது கொடுத்துக் கேட்டார்களா?

1993இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' நான் உயிராக நேசிக்கும் மலையாளப் படம். அதன் ஒரு பகுதியை நம் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எடுத்தார்கள். அதில் பேயாக வரும் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த ஆட்டக்காரி, கோபம் வந்தால் தமிழ் பேசுகிறாள். அதே கதை 2005இல் தமிழுக்கு வந்தபோது சந்திரமுகி தெலுங்கு பேசினாள். ஹிந்தியில் வங்காளம். கவனித்தீர்களா, ஒவ்வொரு ஊரிலும் பேய் பக்கத்து ஊர் பாஷைதான் பேசுகிறது! நம் மாதிரி எல்லையில் பிறந்தவர்களுக்குப் பக்கத்து ஊர் பாஷை என்று ஒன்று தனியாக இல்லையே. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. பத்மநாபபுரம் அரண்மனையை இன்றும் கேரள அரசுதான் பராமரிக்கிறது. ஆகவே நீலியை யார் கொண்டுபோனார்கள் என்று நாம் சண்டை போட வேண்டாம். அவள் அங்கேயும் இருக்கிறாள், இங்கேயும் இருக்கிறாள். ஆந்திர எல்லைப் பக்கம் திருவாலங்காட்டில் பழையனூர் நீலியாகவும் இருக்கிறாள்.

நாகவல்லிக்கு வருகிறேன். தன்னைக் கொன்றவனுக்குப் பதிலாக அவளுக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு பொம்மை. அதை வெட்டித்தான் ஆறுதலடைகிறாள். ஆனாலும் பழி தீர்க்க அவளுக்கு உரிமை உண்டு என்று படத்தில் வரும் மனநல டாக்டருக்காவது புரிந்ததே, அதனால்தான் அந்தப் படம் இன்னும் நிற்கிறது. 2024இன் 'பிரமயுகம்' கறுப்பு வெள்ளையில் அற்புதமாக எடுத்த படம், ஆனால் அதில் வரும் யட்சிக்கென்று பெரிதாக ஒரு கதையில்லை. அதே ராகுல் சதாசிவன் 2022இல் எடுத்த 'பூதகாலம்' பாருங்கள். ரேவதி அதில் யாரையும் அடிப்பதில்லை. மனச்சோர்வோடு மகனையும் வீட்டையும் சுமக்கிற தாய், அவ்வளவுதான். இருட்டு வீட்டுக்குள் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே நமக்கு மூச்சு முட்டும்.

சரி, நீங்கள் தமிழ் நடத்துகிறீர்கள். 'நீலிக்கண்ணீர்' என்றால் பிள்ளைகளுக்கு என்ன பொருள் சொல்வீர்கள்? பொய் அழுகை என்றுதானே? நம்பிப் போனவனே நகைக்காகக் கொன்றுபோட்ட பெண் அவள். மடியில் தூங்கினவள் தலையில் கல்லைப் போட்டான் என்று நம் வில்லுப்பாட்டில் வருகிறது. மறுபிறவியில் அவன் மனைவி என்று சொல்லி நியாயம் கேட்டு வந்தவளின் அழுகை நம் பாஷைக்குப் பொய் அழுகையாகிவிட்டது. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் 'வஞ்சப்படுத்தொருத்தி', வஞ்சம் செய்த ஒருத்தி, என்கிறார். அவளைக் கொன்றவன் செய்த வஞ்சம் எங்கே போனது?

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீலியையே தெய்வமாகக் கும்பிடும் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாதான். எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். நடுநிசி தாண்டிவிட்டது. கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நீலி ஊர்க்கூட்டத்தின் முன்னால் வந்து நிற்கிற இடம். வில்லுப்பாட்டுப் புலவர் வில்லைத் தட்டும் வீசுகோலை நிறுத்திவிட்டார். உடுக்கை மட்டும் மெல்லக் கேட்டது. அதுவரை அரைத் தூக்கத்தில் இருந்த ஆச்சி வெற்றிலைப் பெட்டியை மூடித் தள்ளி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுற்றிலும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்திகூட அதைப் பொய் அழுகை என்று நினைக்கவில்லை. விடிந்ததும் அதே பெண்கள் கையில் குழந்தையோடு நிற்கிற இசக்கிக்கு மண்பொம்மை வைத்துப் பிள்ளைவரம் கேட்டார்கள்.

அடுத்த கொடைக்கு உங்கள் மாணவிகளை அழைத்து வாருங்கள். நீலி கதை பாடும் ராத்திரியாகப் பார்த்து வாருங்கள். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா