ஸ்கூலிங்கின் ஒரு தங்கம்

அன்புள்ள சார்,

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இங்கே ஒரு கிளப்பில் பட்டர்ஃபிளை நீந்துகிறான், நம் சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் என்றால் உயிர். எனக்குத்தான் உறுத்தல். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஒரு தங்கம், அதோடு சரி. டோக்கியோவில் முதல் சுற்றிலேயே வெளியேறினார், 2024இல் ஓய்வும் அறிவித்துவிட்டார். ஐம்பது வினாடிக்காக ஒரு பிள்ளையின் இளமையையே கொடுக்கலாமா?

எஸ்., சிங்கப்பூர்

அன்புள்ள எஸ்.,

"அதோடு சரி" என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் தங்கம், 2015 கசான் உலகப் போட்டியில் வெண்கலம், இதெல்லாம் ரியோவுக்கு முன்பே. ரியோவில் 50.39 வினாடி. 2008 பெய்ஜிங்கில் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வைத்திருந்த ஒலிம்பிக் சாதனை 50.58, அது போயிற்று. அவருக்குப் பின்னால் ஃபெல்ப்ஸ், சாட் லே க்ளோஸ், லாஸ்லோ செ மூவரும் 51.14இல் ஒன்றாகச் சுவரைத் தொட்டார்கள், மூவருக்கும் வெள்ளி, வெண்கலத்துக்கு ஆளே இல்லை. முக்கால் வினாடி வித்தியாசம்! நூறு மீட்டரில், அதுவும் ஒலிம்பிக் இறுதியில், கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளம் அது.

மகனோடு உட்கார்ந்து 2017 புடாபெஸ்ட் உலகப் போட்டியையும் பாருங்கள். ஸ்கூலிங் 50.83இல் பிரிட்டனின் ஜேம்ஸ் கை என்பவரோடு வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவின் கேலப் ட்ரெஸ்ஸல் 49.86இல் ஜெயித்தார். அதாவது ரியோவில் நீந்திய அதே வேகத்தில் நீந்தியிருந்தாலும் அன்றைக்கு ஸ்கூலிங்குக்குத் தங்கம் கிடைத்திருக்காது. ஒரே வருஷத்தில் பந்தயமே அவரைத் தாண்டிப் போய்விட்டது, அப்படியிருந்தும் அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் 50, 100 மீட்டர் இரண்டிலும் ஆசியத் தங்கம் வாங்கினார் மனிதர். டோக்கியோவில் 53.12, 44ஆவது இடம். வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் இரண்டே முக்கால் வினாடி கூடியதற்காக முந்தைய வருஷங்களை யாரும் அழித்துவிட முடியாது.

2022இல் கஞ்சா பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டதையும் மகன் கேட்டால் மறைக்காதீர்கள். தவறு செய்தார், மன்னிப்புக் கேட்டார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது புரியும்.

இளமை விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கூலிங் பதின்ம வயதின் தொடக்கத்திலேயே ஃபுளோரிடாவுக்குப் போனவர், அப்புறம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எடி ரீஸிடம் பயிற்சி. சிங்கப்பூரின் கட்டாய ராணுவ சேவையை ஒத்திவைக்க அரசு அனுமதி கொடுத்திருக்காவிட்டால் ரியோவே இல்லை. பெற்றோர் தந்தது சின்ன விலை இல்லை, அதை எல்லாக் குடும்பமும் தர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த வருஷங்களை அவர் ஐம்பது வினாடிக்காகத் தொலைத்தார் என்று நினைக்காதீர்கள், அவர் அவற்றை நீந்திக்கொண்டுதான் வாழ்ந்தார்.

உங்கள் பையனிடம் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பந்தயம் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். கடைசிப் பதினைந்து மீட்டரில் தோள் எரிந்து, இடுப்பு கீழே இறங்கி, கை தண்ணீரை விட்டு வெளியே வர மறுக்கும்போது, யாரும் பார்க்காத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அவன் இன்னொரு சுற்று போகிறானா? போகிறான் என்றால் விடுங்கள், நீந்தட்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம், பதினான்கு வயதில் அவனையே கேளுங்கள்.