கேள்வி – பதில்: கிராமத்துக் கொலையும் நூலகத்துச் சந்திப்பும்

கேள்வி: தன்பாலீர்ப்பாளரான ஓர் இளைஞர் கிராமத்தில் கொலையுண்டு கிடப்பதில் தொடங்கும் குற்ற நாவல் ஒன்றைப் படித்தேன். அதன் ஆசிரியர் எங்கள் நூலகத்திற்கு வரவிருக்கிறார். வெறுப்பைக் கண்டிக்க எழுதிய கதை என்றாலும், பக்கத்துக்குப் பக்கம் வரும் வசைச்சொற்கள் அந்த வெறுப்பையே வளர்த்துவிடாதா? இதை அவரிடம் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் வசைச்சொற்களை எண்ணிப் பார்த்து நாவலை எடைபோடாதீர்கள்; அச்சொல் விழும்போது அருகில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஆசிரியர் கவனித்து எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். நகரத்துத் துப்பறியும் கதையில் யாரும் யாரையும் அறியாததே புதிர் என்றால், கிராமத்துக் கதையில் எல்லாரும் அறிந்திருந்தும் வாய் திறவாததுதான் புதிர். கொலை நடந்த இரவில் எங்கே இருந்தோம் என்று சொன்னால் தப்பிக்கலாம், ஆனால் யாருடன் இருந்தோம் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி ஒருவன் பழியைச் சுமக்கிறான் என்றால், அங்கே வெறுப்பு கொலைக்குக் காரணமாவதோடு நில்லாமல் புலன்விசாரணையையும் கெடுக்கிறது.

இது வெறும் கற்பனையன்று. 1988 டிசம்பரில் சிட்னியில் ஒரு செங்குத்துப் பாறையின் அடியில் தன்பாலீர்ப்பாளரான ஸ்காட் ஜான்சன் என்ற அமெரிக்கக் கணித ஆய்வாளர் இறந்து கிடந்தபோது, மறு ஆண்டே அது தற்கொலை என்று முடிவு கட்டினார்கள். வெறுப்பினால் நேர்ந்த மரணம் என்று மூன்றாவது மரண விசாரணை ஏற்றது 2017-இல். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு 2023-இல் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. ‘அவன் ஆசையோடு என்னை நெருங்கினான், நிலைகுலைந்து கொன்றுவிட்டேன்’ என்று கொலையின் கடுமையைக் குறைக்க வாதிடும் வழியைத் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 2020-இல்தான் அடைத்தது.

எனக்கு இவ்வகை நாவல்களின் மீதுள்ள குறை வேறு. தன்பாலீர்ப்பாளரை முதல் பக்கத்திலேயே கொன்றுவிட்டு, துப்பறிபவர் மனம் திருந்துவதை முந்நூறு பக்கங்களுக்குச் சொல்கிறார்கள். இறந்தவர் எதற்குச் சிரிப்பார், யாரைக் காதலித்தார் என்பது கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. நீங்கள் படித்த நாவலில் அந்த இளைஞருக்குப் பிணமாவதற்கு முன் ஒரு வாழ்க்கை இருந்ததா என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

‘இது உங்கள் சொந்த அனுபவமா?’ என்று மட்டும் கூட்டத்தின் நடுவே கேட்டுவிடாதீர்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பழியைச் சுமப்பவன் எதற்கு அஞ்சுகிறானோ அதையே அவருக்குச் செய்ததாகிவிடும். கொலையாளியைப் பற்றிய ஐயங்களையும் கூட்டம் கலைந்த பிறகு கேளுங்கள், அரங்கில் பாதிப் பேர் நாவலைப் படித்திருக்க மாட்டார்கள்.