டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். காலமான மாமனாரின் பெயரோடு ‘பத்தமடைப் பாய்’ என்பதைச் சேர்த்து இணையதள முகவரி (டொமைன்) வாங்கினால் வழக்கு வருமா? திருநெல்வேலி ஜங்ஷனில் இணையதளம் செய்து தருபவர் தாமே வாங்கித் தருவதாகச் சொல்கிறார், அவரிடம் விட்டுவிடலாமா?

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் வழக்கைவிட அதில்தான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். விட்டுவிடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே பதிவு நிறுவனம் உரிமையாளராகக் கொள்ளும். பணம் உங்களுடையது என்பதை நீங்கள்தான் பிறகு நிரூபித்துக்கொண்டு அலையவேண்டும். தம் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் கொடுத்துத் தம் பெயரிலேயே வாங்கிவைத்துக்கொண்டு, புதுப்பிக்கும் நேரத்தில் வாய்க்கு வந்த தொகையைக் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெயர், மின்னஞ்சல், எண், கடவுச்சொல் நான்கும் உங்களுடையதாகவே இருக்கட்டும். தளத்தை வடிவமைக்கும் கூலியை மட்டும் அவருக்குக் கொடுங்கள்.

இனி பெயருக்கு வருவோம். ஒரு முகவரி காலியாக இருக்கிறது என்பதால் அது சட்டப்படி உங்களுக்கு உரியதாகிவிடாது. முகவரியை விற்கும் நிறுவனம், அந்தப் பெயர் வேறொருவரின் வணிகக்குறியா (டிரேட்மார்க்) என்று சரிபார்ப்பதே இல்லை. 2004இல் சத்யம் இன்ஃபோவே என்ற இணைய நிறுவனம் தொடுத்த வழக்கில், அதன் ‘சிஃபி’ என்ற பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டி வாங்கியிருந்த எதிர்த்தரப்புக்கு எதிராகவே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வணிகக்குறிப் பதிவகத்தின் தளத்தில், பாய்களுக்கான 27ஆம் வகுப்பில், எழுத்து ஒற்றுமையோடு ஒலி ஒற்றுமையையும் தேடிப் பாருங்கள். அது இலவசம். இதற்கே ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுகளை நம்பவேண்டாம். பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்ய விரும்பினால், தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு இணையவழி அரசுக் கட்டணம் 4,500 ரூபாய்தான். ஆனால் விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கவேண்டுமாம். தறியில் உட்கார்ந்திருக்கும் பெண் யாரிடம் போய்க் கேட்பாள்? இந்த ஏற்பாடுதான் ஏஜென்ட்டுகளை வாழவைக்கிறது.

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே உரிய பெயர் என்று சட்டம் காக்கும் பெயர் அது. அங்கே உண்மையாக நெய்து விற்கும் நீங்கள் அச்சொல்லைப் பயன்படுத்தலாம், தனிச்சொத்தாக்கிக்கொள்ள முடியாது. பிளாஸ்டிக் பாயை அதே தளத்தில் அந்தப் பெயரில் ஏற்றினால் மீறலாகிவிடும்.

மாமனார் பெயருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். வணிகக்குறிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பெயரையோ, தமக்கு முன் அத்தொழிலை நடத்தியவரின் பெயரையோ நல்லெண்ணத்துடன் பயன்படுத்துவதை, வேறொருவர் அதைப் பதிந்திருந்தாலும் தடுப்பதில்லை. மாமனார் பாய் வியாபாரம் நடத்தி, அதை நீங்கள் தொடர்ந்தால்தான் இது பொருந்தும். அவர் ரயில்வேயில் வேலை பார்த்திருந்தால் பொருந்தாது. மகளின் பெயரை வைத்தாலும் பொருந்தாது, அவள் உங்களுக்கு முன் தொழில் நடத்தியவள் அல்லள். பிரபலமான கடையொன்றின் பெயரோடு ஒத்துப்போவது தெரிந்தே, அந்தப் பெயரால் வாடிக்கையாளரை இழுக்க வைத்திருந்தால் நல்லெண்ணம் என்ற வாதம் நிற்காது. ஆகவே அவர் பெயரில் உள்ள பழைய பில் புத்தகம், நெசவாளர் அட்டை, கடை வாடகை ரசீது எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

எங்கிருந்தாவது நோட்டீஸ் வந்தால், பயந்துபோய், ‘இத்தனை லட்சம் கொடுத்தால் முகவரியைத் தருகிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள். கெட்ட எண்ணத்தில் பதிவு செய்தார் என்பதற்கு எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தையே சான்றாக வைக்கும். தகராறைத் தீர்ப்பவர் முகவரியை அவர்களுக்கு மாற்றித் தரச் சொல்லலாம். நோட்டீஸையும் பழைய பில்களையும் எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.