ஹம்பி படங்களுக்கு ‘சூப்பர்’ தவிர வேறு பதில் வரவில்லையா?

ஹம்பியில் எடுத்த நாற்பது புகைப்படங்களைக் காட்டியும் எல்லோரும் ‘சூப்பர்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதாக எழுதியிருந்தீர்கள். நாற்பதைக் கொட்டினால் அப்படித்தான். நான்கை மட்டும் காட்டி, “முதலில் கண் எங்கே போகிறது?” என்று கேளுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் யாரும் மனம் நோகச் சொல்லமாட்டார்கள்.

சரி, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கல் தேரை உச்சிவெயிலில் எடுத்திருக்கிறீர்கள். செதுக்கல்கள் தட்டையாகத் தெரிகின்றன. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் அந்தக் கல்லில் நிழல் பிடிக்கும். மாதங்க மலைப் படத்தில் வெளிச்சம் அருமை, ஆனால் அடிவானம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு டிகிரி திருப்பினால் போதும். விருபாட்சர் கோபுரத்தின் உச்சியை ஏன் வெட்டினீர்கள்? செங்குத்தாகப் பிடித்திருக்கலாம்.

அப்புறம், துங்கபத்திரைப் பரிசல்காரர் படத்தைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் இருப்பதிலேயே நல்ல படம்.