தடுப்பூசி வேலை செய்ததா? கோழிகளின் சுவாச நோய் பற்றிக் கேள்வி பதில்

கோழித் தடுப்பூசிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்), ஐ.பி. (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ், தொற்று மூச்சுக்குழாய் அழற்சி) என்ற இரண்டு வைரஸ் நோய்களையும் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும்:

நாமக்கல், முட்டைக்கோழிப் பண்ணை: டாக்டர், ரத்தப் பரிசோதனையில் வெள்ளைக்கழிச்சல் டைட்டர் (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப்பொருளின் அளவு) நன்றாக இருந்தது. மூன்றே வாரத்தில் ஷெட் முழுக்கக் கொரகொரச் சத்தம். தடுப்பூசி போலியா?

போலி என்று சொல்ல இதில் ஆதாரம் எதுவும் இல்லை. நீங்கள் பார்த்தது வெள்ளைக்கழிச்சலுக்கான டைட்டர். கொரகொரப்பு ஐ.பி.யாலும் வரும், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவாலும் வரும். முதலில் மூச்சுக்குழாய் மாதிரி எடுத்து என்ன கிருமி என்று பாருங்கள்.

ஐ.பி.யில் ரத்த டைட்டரை வைத்துப் பாதுகாப்பை அளக்க முடியாது. அந்த வைரஸ் முதலில் தாக்குவது மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்மயிர்களை. சளியையும் தூசியையும் மேலே தள்ளுகிற வேலை அவற்றுடையது. அவை நின்றுபோனால் ஈ.கோலை பாக்டீரியா உள்ளே இறங்கிவிடும். அதனால் ஆய்வகத்தில் நாங்கள் அந்த நுண்மயிர்களையே பார்ப்போம். தடுப்பூசி போட்ட கோழிகளுக்கும் போடாத கோழிகளுக்கும் வீரியமான ஐ.பி. வைரஸைக் கொடுத்து, சில நாள் கழித்து மூச்சுக்குழாயை மெல்லிய வளையங்களாக வெட்டுவோம். ஒரு கோழிக்கு மேல், நடு, கீழ்ப்பகுதி சேர்த்து 10 வளையம். நுண்மயிர் முழுக்க அசைந்தால் 0, முழுக்க நின்றிருந்தால் 4. ஆக அதிகபட்சம் 40. போடாத கோழிகளின் சராசரி 38, போட்டவற்றின் சராசரி 6 என்று வந்தால் பாதுகாப்பு சுமார் 84 சதவீதம். உயிரோடு இருக்கும் வளையத்தில் அந்த மயிர்கள் காற்றில் நெல்வயல் ஆடுவதுபோல் அசைவதைப் பார்த்தவர்களுக்கு டைட்டர் எண் ஏன் போதாது என்று விளக்கவே வேண்டாம்.

பல்லடம், கறிக்கோழி வளர்ப்பவர்: வெள்ளைக்கழிச்சலுக்கும் இதே முறைதானா?

இல்லை. அங்கே பார்ப்பது உயிர் பிழைப்பதை. நோய்க்கிருமி எதுவும் படாமல் வளர்த்த கோழிகளில் ஒரு கூட்டத்துக்குத் தடுப்பூசி, இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு, மூன்று வாரம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் கொல்லும் வைரஸ். போடாத கோழிகள் ஆறு நாளுக்குள் எல்லாமே சாக வேண்டும். அவை சாகவில்லை என்றால் சோதனையே செல்லாது. போட்டவற்றில் 90 சதவீதமாவது கழுத்துத் திருகல், வெள்ளை எச்சம் எதுவும் இல்லாமல் நிற்க வேண்டும்.

பெருந்துறை: அப்படியானால் நானே நோய்ப்பட்ட கோழி ஒன்றைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டுப் பார்க்கலாமா?

கூடவே கூடாது. இந்தச் சோதனை பூட்டிய, காற்று வடிகட்டிய அறைக்குள் மட்டும் நடக்க வேண்டியது. உங்கள் செருப்பும் தீவன வண்டியும் போதும், அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கு நோயைக் கொண்டுபோக.

திருச்சி: கொரகொரப்புக்கு எந்த ஆன்டிபயாட்டிக் நல்லது?

வைரஸுக்கு எதுவும் வேலை செய்யாது. உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாமக்கல், பண்ணை ஆலோசகர்: லசோட்டா தடுப்பூசி 1946ல் எடுத்த வெள்ளைக்கழிச்சல் வைரஸ், இரண்டாம் ஜீனோடைப் (மரபணு வகை). இன்று இந்தியப் பண்ணைகளில் இருப்பது பதின்மூன்றாம், ஏழாம் ஜீனோடைப். புதுப் பூட்டுக்குப் பழைய சாவி போட்டால் திறக்குமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஜீனோடைப் எத்தனை இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் சீரோடைப் (எதிர்ப்புப்பொருளை வைத்துப் பிரிக்கும் வகை) ஒன்றுதான். லசோட்டா ஒழுங்காக ஏறிய கோழி புது வைரஸைக் கொடுத்தாலும் பெரும்பாலும் சாவதில்லை. ஆனால் வைரஸ் அதன் தொண்டையிலும் எச்சத்திலும் வெளியேறும். ஜீனோடைப் பொருந்திய தடுப்பூசி அந்த வெளியேற்றத்தைக் குறைக்கும். அதனால்தான் பிழைத்ததா என்று பார்த்தால் மட்டும் போதாது, தொண்டையிலும் கழிவுவாயிலும் துடைத்தெடுத்து வைரஸ் எவ்வளவு என்று எண்ணவும் வேண்டும் என்கிறோம்.

அதே ஆலோசகர்: உங்கள் கோழி ஆய்வகக் கோழி. பண்ணைக் குஞ்சுக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு இருக்கும், அம்மோனியா இருக்கும், தீவனத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கும்.

இது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். பண்ணைக் குஞ்சிலும் அதே சோதனையைச் செய்துதான் தடுப்பூசிக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். ஆனால் பண்ணையில் நான் அதிகம் பார்த்த தோல்விக்கு ஜீனோடைப் காரணம் அல்ல, தண்ணீர்தான். குளோரின் தண்ணீரில் கலந்தால் தடுப்பூசி வைரஸ் கோழி குடிக்கும் முன்பே செத்துவிடும். லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் போடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடியட்டும்.

ராசிபுரம்: ஆலோசகர் சொல்வதுதான் சரி. எங்கள் ஷெட்டில் சராசரி டைட்டர் 6, ஆனாலும் கோழி செத்தது.

சராசரியை விடுங்கள். ஒவ்வொரு கோழியின் எண்ணையும் வாங்கிப் பாருங்கள். சராசரி 6 என்றாலும் சில கோழிகள் 2ல் நின்றிருக்கலாம். வைரஸ் நுழைவது அங்கேதான். தண்ணீர்க் குழாயின் கடைசியில் இருக்கும் கூண்டுகளிலிருந்தும் ரத்தம் எடுத்தீர்களா?

ஓசூர்: முதல் நாளே லசோட்டா போடலாமா?

தாய்வழி எதிர்ப்பு ஏறக்குறைய 4.5 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். அது அதிகமாக இருக்கும்போது போட்டால் தடுப்பூசி வைரஸையே அது அடக்கிவிடும். 5 முதல் 7 நாளில் கண்ணில் சொட்டு விடுவது வழக்கம்.

கரூர்: டைட்டர் நல்லா இருந்தால் ஐ.பி. வராதுதானே?

முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி மூன்றாவது முறை வருகிறது.

சிவகங்கை: வீட்டில் 12 நாட்டுக்கோழி. எனக்கும் இதெல்லாம் வேண்டுமா?

சோதனை வேண்டாம் அம்மா, தடுப்பூசி வேண்டும். பிப்ரவரியில் வழக்கமாகக் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் நடக்கும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் தேதி கேளுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.